கார்டு என்னும் சொல்



ஆங்கிலம் கல்லாதவரும் நாள்தோறும் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் 'கார்டு' என்பதும் ஒன்று. அஞ்சலட்டையைக் குறிக்கும் கார்டை நான் சொல்லவில்லை. காவலைக் குறிக்கும் கார்டையே சொல்கிறேன். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், பிறப்பால் அவை வேறு வேறு சொற்கள்.

மிதிவண்டிச் சக்கரத்தின் சேறு ஆடையில் தெறியாமல் தடுப்பது மட்கார்டு. ஊர்க்காவல் படையினர் ஹோம் கார்டு. கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையை ஊன்றி, தாம் நிற்கும் நிலை விக்கெட்டுக்கு நேராக உள்ளதா என்று நடுவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வதும் கார்டு எடுத்தலே. இவை எல்லாவற்றினும் நமக்கு நெருக்கமானவர் ரயில் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டுவது மட்டுமே அவர் தொழில் என்று சிறுவர் எண்ணுவர். வழியில் வண்டி எதிர்பாராது நின்றுவிட்டால், பின்னால் வரும் வண்டி மோதாதபடி அதன் பின்புறத்தைக் காப்பதும் அவர் கடமை. 2022ஆம் ஆண்டில் இந்திய ரயில்வே அப்பதவியின் பெயரை 'டிரெயின் மேனேஜர்' என மாற்றிவிட்டது. பெயரிலிருந்து காவல் போயிற்று, கடமையிலிருந்து போகவில்லை.

இச்சொல்லுக்கு உடன்பிறந்த சொல் ஒன்று உண்டு. அதுவே 'வார்டு'. இரண்டுக்கும் மூலம் பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று. கவனித்துப் பார்த்தல் என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் பழைமையாக வழங்கிய வடிவம் வார்டு. அதே மூலம் பிரெஞ்சு மொழிக்குள் புகுந்து, அங்கே முதலெழுத்துத் திரிந்து, 'கார்டு' ஆகி, ஆங்கிலத்திற்கு வந்து சேர்ந்தது. 1066ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் இத்தகைய இரட்டைச் சொற்கள் அம்மொழியில் பெருகின. விடுதியைக் காப்பவர் வார்டன். பிள்ளையைக் காப்பவர் கார்டியன். இவ்விரண்டும் அவ்வாறு வந்த இரட்டையரே.

வார்டு என்னும் சொல்லில் ஒரு வியப்பு உண்டு. தொடக்கத்தில் காவலைக் குறித்த அச்சொல், பின்னர்க் காக்கப்படும் பிள்ளையையும் குறிக்கலாயிற்று. பள்ளிக் கடிதங்களில் 'தங்கள் வார்டு' என்று எழுதுவது இப்பொருளில்தான். காப்போர் கார்டியன், காக்கப்படுவோர் வார்டு என்று இரண்டையும் இணைத்து 1890ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இனி, தலைமையாசிரியனாகிய எனக்கு இச்சொல் ஏன் பெரிதாயிற்று என்பதைக் கூறுகிறேன். பள்ளி விண்ணப்பங்களில் 'தந்தை அல்லது கார்டியன் கையொப்பம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நான் பணியாற்றிய ஓர் ஊரில், தந்தை வீட்டை விட்டுச் சென்று ஆண்டுகள் பல ஆன ஒரு மாணவன் இருந்தான். அவனை வளர்த்தவள் தாய். கூலி வேலை செய்து, இரவில் அவன் படித்து முடிக்கும்வரை விளக்கருகே அமர்ந்திருப்பவள். உதவித்தொகை விண்ணப்பத்தில் அவள் கையொப்பமிட்டாள். 'தந்தை உயிரோடிருக்கையில் தாய் கார்டியன் ஆகாள்' என்ற குறிப்புடன் மேல் அலுவலகம் ஒன்றிலிருந்து அது திரும்பி வந்தது. மறுபடியும் எழுதினேன், அதற்குள் கெடு கடந்துவிட்டது. அவ்வாண்டு அப்பிள்ளைக்கு உதவித்தொகை கிட்டவில்லை.

இக்குறிப்பு ஓர் எழுத்தரின் மனம்போன போக்கில் பிறந்ததன்று. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும், அவருக்குப் பின் தாய் என்றும் கூறுகிறது. ஆனால் ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. வளர்ப்பது ஒருவர், உரிமை மற்றொருவர் என்றாகிவிட்டது.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984ஆம் ஆண்டில் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்து, கார்டியன் என்று தாமே கையொப்பமிட்டார். ரிசர்வ் வங்கி தந்தையின் கையொப்பத்தைக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1999ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. 'பின்' என்ற சொல்லுக்குத் தந்தையின் ஆயுளுக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. அவர் பிள்ளையின் பராமரிப்பில் இல்லாதபோது என்றும் கொள்ள வேண்டும் என நீதிமன்றம் விளக்கிற்று. சட்டத்தின் வாசகம் மாறவில்லை. ஒரு சிறு சொல்லின் பொருள் விரிந்தது. அதனாலேயே எத்தனையோ தாய்மார் கையொப்பத்திற்கு மதிப்புப் பிறந்தது. சொற்பொருள் ஆராய்வது பண்டிதர் பொழுதுபோக்கு என்பாருக்கு இதுவே விடை.

தமிழில் கார்டியனைக் காப்பாளர் என்கிறோம். 'காத்தல்' என்னும் நம் சொல் ஆழம் உடையது. காவல் என்றால் பாதுகாப்பு. காவலில் வைத்தல் என்றால் சிறை. காப்பு என்றால் குழந்தையின் கைக்கு அணியும் வளை. குற்றவாளியின் கைவிலங்கையும் பேச்சு வழக்கில் காப்பு என்பர். காவல் அளவு மீறினால் விலங்காகும் என்பதை நம் மொழி அறிந்தே வைத்திருக்கிறது. பிள்ளைகளை வெளியே விடாது பூட்டிவைக்கும் பெற்றோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

காத்தல் என்பதற்குக் காத்திருத்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. கார்டு என்பதன் மூலப்பொருள் கவனித்துப் பார்த்தல் என்று முன்னரே கூறினேன். பார்த்திருப்பவரும் காத்திருப்பவருமே காப்பாளர் என்பதில் இரு மொழிகளும் உடன்படுகின்றன. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது, பிள்ளையின் தந்தை பெயர் என்ன என்று மட்டும் கேளாதீர்கள், அவனுக்காக வீட்டில் காத்திருப்பவர் யார் என்றும் கேளுங்கள்.