முட்டையின்றி நிற்கும் நுரை
(மகாவீர் ஜெயந்தி விழா, மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



தமிழாசிரியருக்கு அடுக்களையில் என்ன வேலை என்று எண்ண வேண்டா. இன்று நான் பேசப் புகும் பொருள் 'மூஸ்' என்னும் பிரெஞ்சு இனிப்பு. அம்மொழியில் அச்சொல்லுக்கு நுரை என்பதே பொருள். உருக்கிய சாக்லேட்டில், அடித்து நுரைத்த முட்டை வெண்கருவைக் கலந்து, சில மணி நேரம் குளிரவைத்து உண்பது அந்நாட்டு வழக்கம். நம் பிள்ளைகள் விருந்துகளில் இதைக் காண்கின்றனர். முட்டை என்று அறிந்ததும் கிண்ணத்தை நகர்த்தி வைக்கின்றனர். முட்டையின்றி நுரை நிற்காது என்று அவர்களுக்குச் சொல்லப்படும் விடை உண்மையன்று.

எர்வே தீஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1995ஆம் ஆண்டில் சாக்லேட், நீர் ஆகிய இரண்டைக் கொண்டே இந்நுரையை ஆக்கிக் காட்டினார். கொழுப்பும் நீரும் இயல்பாகக் கூடா. இடையில் நின்று இரண்டையும் பிணைக்க ஒரு பொருள் வேண்டும். மஞ்சட்கருவில் அவ்வேலையைச் செய்வது லெசித்தின். பெரும்பாலான சாக்லேட்டுகளில் அதே லெசித்தின் சோயாவிலிருந்து எடுத்து முன்னரே சேர்க்கப்பட்டுள்ளது. மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெயர் முட்டையினது, பொருளோ பயற்றினது!

உருக்கிய சாக்லேட்டில் ஒரு துளி நீர் விழுந்தாலும் கெட்டுவிடும் என்று அடுமனையார் அஞ்சுவர். துளிநீர் அளவில் அவ்வச்சம் மெய்யே. சர்க்கரையும் கொக்கோத் துகளும் அச்சிறு ஈரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டும். நீரை மிகுதியாக வார்த்தாலோ கட்டி கரைந்து குழம்பாகிவிடும்.

செய்முறை எளிது. 200 மில்லிலிட்டர் நீரைச் சூடாக்கி, 70 விழுக்காடு கொக்கோ உள்ள சாக்லேட் 225 கிராமை உடைத்திட்டு, முற்றும் உருகும்வரை கிளறுக. பின் பாத்திரத்தைப் பனிக்கட்டி நிறைந்த அகன்ற கலத்துள் வைத்துக் கம்பி மத்தால் விடாது அடித்திடுக. பனிக்கட்டியை உண்ணாதோர் தயங்க வேண்டா. அது புறக்கலத்திலேயே நிற்கிறது. முதலில் ஒன்றும் நிகழாததுபோல் தோன்றும். குளிரக் குளிரக் கொக்கோ வெண்ணெய் இறுகி, உட்புகுந்த காற்றுக் குமிழ்களைச் சூழ்ந்து தாங்கும். நிறம் வெளிறி, மத்தின் தடம் மறையாது நிற்கும் அந்நொடியில் கையை நிறுத்துக. இங்கேதான் விழிப்பு வேண்டும். சற்று மிகுந்தாலும் மணல்போல் திரிந்துவிடும். திரிந்தாலும் வீணன்று. மீண்டும் சூடாக்கி உருக்கி, மறுபடி அடிக்கலாம். எவ்வளவு அடித்தும் இறுகாவிடில் சாக்லேட் குறைவு. இன்னும் சிறிது சேர்த்து உருக்குக.

இரவு முழுதும் குளிர்ப்பெட்டியில் வைக்கத் தேவையில்லை. அடித்த உடனே பரிமாறலாம். முந்நாள் உணவை ஏற்காத இல்லங்களுக்கும், பொழுது சாயுமுன் உண்போர்க்கும் இது பெரும் வசதி.

சாக்லேட் வாங்கும்போது உறையில் பச்சைக் குறி உள்ளதா என்று பாருங்கள். நம் நாட்டு விதிப்படி முட்டை சேர்ந்த பண்டம் அக்குறியைப் பெறாது. ஆயினும் பால் சேர்ந்தது பெறும்; பாலும் வேண்டாதோர் உட்பொருள் பட்டியலையும் படித்தல் நன்று. மணம் விரும்புவோர் நீரிலேயே ஏலக்காய் இட்டுக் காய்ச்சி வடிகட்டிக்கொள்ளலாம். என் இல்லத்தார் நீருக்கு மாற்றாகக் காப்பி வடிநீரையே விரும்புகின்றனர்.