புதுவை நகரம் நமக்குக் கற்பிப்பது



கிராம முன்னேற்றத்தைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் நகரத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கருதக்கூடும். தெருவும் சாக்கடையும், குடிநீரும் சந்தையும், மாலையில் மக்கள் கூடி இளைப்பாறும் இடமும் நகரத்தாருக்கு மட்டும் உரியன அல்ல. நமது ஊர்களுக்கும் அவை வேண்டும். ஆகையால், நமக்கு அண்மையிலுள்ள புதுவை நகரம் அவற்றை எவ்வாறு பெற்றது, எவ்வாறு காத்தது, எங்கே காக்கத் தவறியது என்பதை நாம் ஆராய்வோமாக.

புதுவையின் பழைய தெருக்கள் நேர்கோடுகளாக அமைந்து, ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டிச் செல்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். 1693ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து நகரைக் கைப்பற்றி, 1699 வரை தம் வசம் வைத்திருந்த ஒல்லாந்தர் வகுத்த திட்டமே இதற்கு அடிப்படை. 1761இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். பின்னர் நகரம் மீண்டும் எழுந்தபோது பழைய தெருக்கோடுகளின் மீதே எழுந்தது. கட்டடங்கள் அழிந்தாலும் தெருவின் போக்கு எளிதில் அழிவதில்லை. ஆதலின், புதிய மனைப்பிரிவு ஒன்று நம் ஊரில் தோன்றும்போது தெருவின் அகலத்தையும் மழைநீர் வடியும் வழியையும் கவனியாது விடுவோமாயின், அக்குறையை நம் பேரன் பேத்திகளும் அனுபவிக்க நேரிடும்.

அடுத்ததாகக் குடிநீர். ஆயி என்னும் தாசியின் கதை புதுவையில் வழிவழியாக வழங்கி வருகிறது. அவள் மாளிகையைக் கோயில் என்று எண்ணி வணங்கிய மன்னர், உண்மை அறிந்து சினந்து, அதனை இடிக்குமாறு ஆணையிட்டாராம். அவளோ தன் கையாலேயே அதை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மக்களுக்காக ஒரு குளம் வெட்டினாளாம். இது செவிவழிக் கதையே. ஆயினும், முத்திரையர்பாளையத்து நன்னீர் நகருக்கு வந்ததன் நினைவாக, பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பப்பட்ட ஆயி மண்டபம் இன்றும் பாரதி பூங்காவின் நடுவே நிற்கிறது. புதுவை அரசின் சின்னத்திலும் அம்மண்டபமே விளங்குகிறது. தண்ணீரின் நினைவை ஓர் அரசு தன் அடையாளமாகக் கொண்டிருப்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

புதுவையின் உள்ளாட்சி மிகப் பழமையானது. 1880 மார்ச் 12ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட பிரெஞ்சு அரசாணையின்படி அங்கு நகரசபைகள் அமைந்தன. கிராமங்களை உள்ளடக்கிய அத்தகைய பிரிவுகள் கொம்யூன் எனப் பெயர் பெற்றன. கொம்யூன் பஞ்சாயத்து என்னும் பெயர் இன்றும் அங்கே வழக்கில் உள்ளது. 1954 அக்டோபர் 18ஆம் நாள், கீழூர் என்னும் சிற்றூரில், சட்டசபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமாக 178 பேர் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறியது. தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிக்கும் உறுப்பினர்களே ஒரு நாட்டின் எல்லையைத் தீர்மானிப்பதிலும் பங்கு கொண்டனர். உள்ளாட்சி உறுப்பினர் பதவியைச் சிறிதென்று எவரும் எண்ணலாகாது.

இனி, தெருவின் அழகைக் காத்த ஒரு முயற்சியைப் பார்ப்போம். புதுவையின் தமிழர் வீடுகளின் முன்னே திண்ணையும், மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் உண்டு. வெயிலில் நடந்து வருபவர் ஒதுங்க நிழலும், களைத்தவர் அமர இடமும் வீட்டுக்காரரே அளித்த ஏற்பாடு அது. நாளடைவில் இத்தகைய வீடுகள் இடிக்கப்படலாயின. 2002இல் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன், பிரான்சின் வில்நேவ் சூர் லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்களோடு கைகோத்துப் புதுவை ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. வைசியாள் வீதியின் ஒரு பகுதியில் வீடுகளின் முகப்புகள் பழைய முறையிலேயே செப்பனிடப்பட்டன. 2008இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் பாராட்டு விருது அவ்வீதிக்குக் கிட்டியது. ஒரு தெரு அழகு பெற வேண்டுமாயின், அத்தெருவில் வாழ்வோரின் ஒத்துழைப்பு இன்றியமையாதது. திண்ணை பஞ்சாயத்தின் சொத்து அன்று. அதைக் காப்பதற்கு வீட்டுக்காரர் மனமுவந்து முன்வர வேண்டும்.

கடற்கரைச் சாலையிலோ வேறொரு பாடம் உண்டு. மாலை முதல் மறுநாள் காலை வரை அங்கு வாகனங்களுக்கு இடமில்லை. அந்த ஒரு விதியினாலேயே முதியோரும் குழந்தைகளும் அச்சமின்றி உலாவும் திறந்தவெளியாக அச்சாலை மாறிவிடுகிறது. பொதுவிடத்தை உண்டாக்க எப்போதும் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. சில வேளைகளில் ஒரு நல்ல தீர்மானமே போதும்.

அதே கடற்கரை ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 1980களின் பிற்பகுதியில், தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காகக் கல் அணைகள் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் கடல் மணல் அங்கே தடைப்பட்டது. நகரின் முன்னிருந்த மணற்பரப்பு கரைந்து, கற்குவியலே எஞ்சியது. வடக்கே உள்ள மீனவர் குப்பங்களையும் கடல் அரித்தது. 2018இல் கடலடியில் எஃகுத் திட்டு ஒன்று அமைக்கப்பட்ட பின்னரே தலைமைச் செயலகத்திற்கு எதிரே மணல் மீண்டும் சேரலாயிற்று. நம் ஊரில் மதகு வையாமல் சாலையை உயர்த்தினால் பக்கத்து வயல் மூழ்குவதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? இதுவும் அது போன்றதே. ஓரிடத்தில் செய்யும் பணி அடுத்தவருக்கு என்ன விளைவிக்கும் என்று முன்கூட்டியே கேட்டறிவது நம் கடமை.

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருவோம். நகரசபையின் இருப்பிடமாக 1870ஆம் ஆண்டையொட்டி எழுந்த ‘மேரி’ கட்டடம் கடற்கரையில் கம்பீரமாக நின்றது. 2014 நவம்பர் 29ஆம் நாள், கனமழையில் அது இடிந்து வீழ்ந்தது. பின்னர் உலக வங்கியின் உதவியுடன் பழைய தோற்றத்திலேயே கட்டப்பட்டு, 2021 பிப்ரவரி 25ஆம் நாள் பிரதமரால் திறந்து வைக்கப்பட்டது. மீண்டும் எழுந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், உரிய காலத்தில் செய்யும் பழுதுபார்ப்பைக் காட்டிலும் புதிதாகக் கட்டுவது பன்மடங்கு செலவுடையது.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 1968க்குப் பின் புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடைபெற்றது. இடைப்பட்டவை 38 ஆண்டுகள். 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிவுற்றது. மூன்றாண்டுகளுக்குப் பின் அக்கட்டடம் வீழ்ந்தபோது, அங்கு அமர்ந்து கேள்வி கேட்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. அதிகாரிகள் கடமையாற்றலாம், ஆனால் ஒழுகும் கூரையைப் பற்றியும் அடைபட்ட வாய்க்காலைப் பற்றியும் நாள்தோறும் வாக்காளர் முகத்தில் விழித்து விடை சொல்ல வேண்டியவர் உறுப்பினரே.

2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரையேறியது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு ஏக்கர் நிலத்தின் மீது 18 லட்சம் லிட்டருக்கு மேல் நீர் விழுந்தது என்று கொள்க. அவ்வளவு நீரையும் எந்தச் சாக்கடையும் உடனே ஏற்காது. ஏரிகளும் குளங்களுமே ஏற்கும். புதுவைப் பகுதியில் ஊசுட்டேரி, பாகூர் ஏரி முதலாக 84 ஏரிகள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் அவற்றைச் செப்பனிடும் திட்டம் ஒன்று நடந்தபோது, ஏரிப் பாசன உழவர்களும் சங்கங்களாகக் கூடி அப்பணியில் பங்கேற்றனர். ஏரி உழவனுக்குப் பாசனம். நகரத்தானுக்கு வெள்ளக் காப்பு. வரத்து வாய்க்காலை ஆக்கிரமிப்பது இருவருக்கும் கேடு.

ஆகவே நாம் செய்ய வேண்டுவன இவை: ஊரின் பொதுச் சொத்துக்கள் அனைத்தையும், குளம், வாய்க்கால், சாவடி, சந்தை, பள்ளிச் சுற்றுச்சுவர் முதலாக, ஒரு பதிவேட்டில் எழுதுவோம். ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டது என்பதையும் குறிப்போம். புதிய பணிக்குப் பணம் ஒதுக்குமுன் பழையதைக் காக்கச் சிறிதேனும் ஒதுக்குவோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே வாய்க்கால்களைத் தூர்வாருவோம். அப்பதிவேட்டைக் கிராமசபையில் யாவரும் அறியப் படிப்போம்.

புதுவையில் ஆட்சி மாறிய நவம்பர் 1ஆம் நாளைத் தமிழ்நாட்டில் 2022 முதல் உள்ளாட்சி தினமாகக் கொண்டாடி வருகிறோம். அந்நாளில் கூடும் கிராமசபைக்கு வருவோர் இனித் தம் ஊர்ப் பதிவேட்டைக் காட்டுமாறு கேட்கட்டும். உறுப்பினர்கள் மகிழ்வோடு காட்டட்டும். கேட்கும் மக்களும் விடை கூறும் பஞ்சாயத்தும் உள்ள ஊரில் கட்டியது நிலைக்கும், வெட்டிய குளம் நிறையும்.