நூறு வரை ஏற்ற வேண்டாம், பூஜ்யம் வரை இறக்க வேண்டாம்

(ராயப்பன்பட்டியில் நடந்த நமது மாணவர் உதவிக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் ஆற்றிய உரை)





நாம் செய்த ஒரு தவற்றைச் சொல்லித்தான் இன்றைய பேச்சை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் இதே இடத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தோம். கொடுக்கும்போது ஒரு அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தோம். "சார்ஜ் முழுசா இறங்கின பிறகுதான் ஒயரைச் சொருகணும், சொருகினா நூறு ஆகுற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்றோம். பிள்ளைகள் அப்படியே கேட்டுக்கொண்டார்கள். அதுதான் வினை.

சென்ற நோன்புக்கு முன்னால் ஒரு தாய் வந்தார். திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியேதான் எம் மக செஞ்சா. இப்ப ஒயரைப் புடுங்கினா பத்து நிமிசத்துல அணைஞ்சு போகுது. கடையில கேட்டா புது பேட்டரிக்கு 3,500 ரூபாங்கிறான்" என்றார். நம்மிடம் பதில் இல்லை. அவருக்கு அது பத்து நாள் கூலி. நமக்கோ அது ஜமாஅத்தார் ஸதகாவாகத் தந்த பணம், அமானிதம். அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டிய பணம் பேட்டரிக்குப் போனால் யார் பதில் சொல்வது? அதன் பிறகுதான் நாமும் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் படித்தோம், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டோம்.

நாம் சொன்ன அறிவுரை ஒரேயடியாகப் பொய்யும் அல்ல. அது வேறொரு பேட்டரிக்கு உரியது. முன்பு கார்ட்லெஸ் போனிலும் ஆரம்பகால செல்போன்களிலும் நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தது. அதைப் பாதியில் எடுத்து எடுத்துச் சார்ஜ் போட்டால் அந்தப் பாதியையே பழகிக்கொள்ளும், அதனால் முழுசாக இறக்கி ஏற்று என்றார்கள். இன்று மடிக்கணினியிலும் போனிலும் இருப்பது லித்தியம் அயான். 1991ல் சோனி நிறுவனம் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குட்இனஃப்புக்கு அப்போது வயது 97. பேட்டரி மாறி முப்பது வருடத்துக்கு மேலாகியும் நம் வாயில் இருந்த அறிவுரை மட்டும் மாறவில்லை.

லித்தியம் பேட்டரிக்குப் பழக்க தோஷம் கிடையாது. பாதியில் போடலாம், பாதியில் எடுக்கலாம், ஒரு நாளைக்கு நாலு தடவை வேண்டுமானாலும் போடலாம். அதற்குப் பிடிக்காதவை மூன்று: முழுசாக நிரம்பியே இருப்பது, வற்றிப்போய்க் கிடப்பது, சூடு.

முதலில் நிரம்பி இருப்பதைப் பார்ப்போம். ஒரு செல் முழுசாக ஏறியிருக்கும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட். அந்த நிலையில் உள்ளே இருக்கிற இரசாயனத் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. மின்வாயில் ஒரு படலம் தடித்துக்கொண்டே போகிறது. லித்தியம் அதில் சிக்கிக்கொள்ள, சேமிக்கும் கொள்ளளவு குறைகிறது. பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: ஒவ்வொரு முறையும் 4.2 வோல்ட் வரை ஏற்றினால் 300 முதல் 500 சுற்று உழைக்கும். 4.1 வோல்ட்டோடு நிறுத்தினால் 600 முதல் 1,000 சுற்று வரை போகும். சுற்று என்பது மொத்தம் நூறு சதம் செலவாவது. இன்று பாதி, நாளை பாதி செலவானால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. தினம் ஒரு சுற்று ஓட்டுகிற பிள்ளைக்கு 500 சுற்று என்பது ஒன்றரை வருடம்கூட இல்லை. அந்தத் தாயின் மகளுக்கு நடந்தது இதுதான்.

முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி போதாது, 152 அடி தேக்க வேண்டும் என்று கேட்கிற பள்ளத்தாக்கு நம்முடையது. அந்தக் கோரிக்கையை நாம் விடவில்லை. பேட்டரியில் மட்டும் 80ல் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

"நாள் பூரா ஒயர் சொருகியே கிடந்தா வெடிச்சிருமா?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல சார்ஜரும் பழுதில்லாத பேட்டரியும் என்றால் அதிக சார்ஜ் ஏறாது. நூறு ஆனதும் கணினி சார்ஜை நிறுத்திக்கொண்டு சார்ஜரிலிருந்தே ஓடும். ஆபத்து இல்லை, ஆனால் பேட்டரி நூறிலேயே, அதுவும் வெதுவெதுப்பிலேயே கிடக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்த காலத்தில் பேட்டரியைத் தனியே கழற்றி வைக்க முடிந்தது. பல வீடுகளில் அந்தக் கணினி இன்னமும் அலமாரியில் இருக்கும். இப்போது வருகிற கணினிகளில் பேட்டரி உள்ளேயே திருகி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் கழற்றுகிற வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

லெனோவாவில் வான்டேஜ் என்ற செயலிக்குள் கன்சர்வேஷன் மோட் இருக்கும். ஏசரில் கேர் சென்டர், ஆசஸில் மை ஆசஸ், டெல்லில் பவர் மேனேஜர். எச்.பி.யில் பல மாடல்களில் கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்று இருக்கும். பெயர் வேறு வேறானாலும் வேலை ஒன்றுதான்: 80 சதத்தில், சில மாடல்களில் 60 சதத்தில், சார்ஜை நிறுத்திவிடும். ஒரு தடவை போட்டுவிட்டால் பிறகு நினைவில் வைத்திருக்கவே தேவையில்லை. உங்கள் கணினியில் அந்த வசதி இல்லையென்றால், 80 வந்ததும் ஒயரை எடுங்கள், 20க்கு வருவதற்குள் சொருகுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் குடி முழுகிப் போகாது.

இனி சூடு. நம் ஊருக்கு இதுதான் பெரிய விஷயம். பேட்டரி நூல்களில் ஒரு கணக்கு கொடுக்கிறார்கள். 40 சதம் சார்ஜோடு, 25 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரி 96 சதக் கொள்ளளவோடு இருக்கும். அதையே நூறு ஏற்றி 40 டிகிரியில் வைத்தால் 65 சதம்தான் மிஞ்சும். பயன்படுத்தவே இல்லை, சும்மா வைத்ததற்கே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே நம் வீடுகளில் என்ன சூடு இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பறித்த திராட்சையை ஒரு மணி நேரம் வெயிலில் விடுவீர்களா? நிழலுக்கு ஓடுகிறீர்கள் அல்லவா? கணினிப் பையையும் அப்படி நினையுங்கள். பைக் டேங்க் மேலும், நிறுத்தி வைத்த வண்டிக்குள்ளும், ஜன்னலோரம் வெயில் விழுகிற திண்டிலும் வைக்காதீர்கள்.

இன்னொன்று மெத்தை. பிள்ளைகள் பஞ்சு மெத்தையில் படுத்துக்கொண்டு, கணினியையும் அதன் மேலேயே வைத்துப் படிக்கிறார்கள். காற்றுப் போகிற துவாரம் அடைபடுகிறது, அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. அடியில் ஒரு பலகை கொடுங்கள். சமையல்கட்டுப் பலகையே போதும், இதற்கென்று கடையில் எதுவும் வாங்க வேண்டாம்.

வற்றிப்போய்க் கிடப்பதைப் பற்றியும் நம் குற்றத்தையே உதாரணமாகச் சொல்கிறோம். நன்கொடையாக வந்த கணினிகள் சிலவற்றை, கொடுக்க வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் முடிவாகிற வரை பீரோவில் பூட்டி வைத்தோம். பட்டியல் முடிய ஏழு மாதம் ஆயிற்று. யாரும் சார்ஜைப் பார்க்கவில்லை. எடுத்தபோது மூன்று கணினிகளில் பேட்டரி சார்ஜை ஏற்கவே மறுத்தது. சும்மா இருந்தாலும் பேட்டரி சிறிது சிறிதாகத் தானே இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று கதவை அடைத்துவிடும். எனவே விடுமுறைக்குக் கணினியை மூடி வைப்பவர்கள் பாதி சார்ஜோடு அணைத்து, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, பரீட்சைக்கு முந்தின ராத்திரி கரண்ட் போகும் என்று தெரிந்தும் 80லேயே நிறுத்துகிற பிள்ளை இருந்தால், அதுவும் தப்பு. தேவைப்படுகிற நாளில் நூறு ஏற்றுங்கள், தாராளமாக. உத்தமபாளையம் ஹௌதியா கல்லூரிக்குக் காலையில் பஸ் ஏறுகிறீர்கள், மாலை வரை அங்கே ஒயர் சொருக இடம் கிடைக்காது என்றால் நூறோடு போங்கள். நூறு ஏற்றி உடனே செலவழிப்பதில் பெரிய சேதம் இல்லை, நூறிலேயே நாள்கணக்கில் வைத்திருப்பதில்தான் சேதம். படிப்புக்காகத்தான் பேட்டரி.

சார்ஜரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கணினியோடு வந்தது கெட்டுப்போனால் அதே வோல்ட், அதற்குக் குறையாத வாட் உள்ள நல்ல சார்ஜராக வாங்குங்கள். இருநூறு ரூபாய் மிச்சம் பார்த்து வாங்குகிற போலி சார்ஜரால் கணினியே போகும்.

இப்போது சொல்வதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கணினியின் அடிப்பக்கம் சமமாக உட்காராமல் ஆடினாலோ, விரலால் தேய்க்கிற பட்டை மேலே எழும்பி வந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. "நல்லாத்தானே ஓடுது" என்று ஓட்டாதீர்கள். சார்ஜ் போடக் கூடாது. அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிற வேலை கூடவே கூடாது, தீப்பிடித்துக்கொள்ளும். அணைத்துவிட்டு, மெத்தை, துணி, காகிதம் இல்லாத இடத்தில் வைத்து, பழுது பார்க்கிறவரிடம் சொல்லுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதைத் தயாரிப்பாளர்களின் பொறுப்பாக ஆக்கி 2022லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. கடைக்காரரிடம் கொடுத்தாலே போதும். அதுவரை மதரஸா பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமானாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை இடைவெளியில்லாமல் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரி ரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் ஒரு அறிக்கை உருவாகும். அது எங்கே இருக்கிறது என்பதையும் திரையிலேயே காட்டும். அதில் டிசைன் கெபாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்று மிஞ்சியிருப்பது. 40,000க்கு 32,000 என்றிருந்தால் 80 சதம் இருக்கிறது, கவலை வேண்டாம். பாதிக்குக் கீழே போயிருந்தால் நம்மிடம் சொல்லுங்கள்.

அந்தத் தாயின் மகளுக்குப் புது பேட்டரி நாமே போட்டுக்கொடுத்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். தவறு நம்முடையது, செலவும் நம்முடையது. அதோடு அந்தப் பிள்ளையின் கணினியில் 80 சத எல்லையையும் போட்டுவிட்டோம். நம்மிடம் கணினி வாங்கிய மற்றப் பிள்ளைகள் வரும் ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பின் கணினியையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொன்றிலும் எல்லையைப் போட்டு, அறிக்கையையும் பார்த்துவிடலாம். அரசு கொடுத்த கணினியோ சொந்தமாக வாங்கியதோ வைத்திருப்பவர்களும் கொண்டுவரலாம். பேட்டரி உப்பியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்கள் மட்டும் அதைப் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். ஆளை மட்டும் அனுப்புங்கள், நாம் வந்து பார்க்கிறோம்.

வஸ்ஸலாம்.