பொருத்தம் சரியானால் பற்றவைப்பு நிற்கும்

(வெல்டிங் பயிற்சி வகுப்பின் தொடக்க நாளில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ராடு பிடிக்கக் கை துடிக்கும் வயது உங்களுக்கு. ஆனால், ராடு தொடுவதற்கு முன்பே இணைப்பின் பலம் பாதி முடிவாகிவிடுகிறது. மாடிப்படிக் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம்.

உருண்டைக் குழாயின் பக்கவாட்டில் இன்னொரு குழாயை நிறுத்த வேண்டும். நுனியை நேராக வெட்டினால் இரண்டு இடத்தில்தான் தொடும். மற்ற இடமெல்லாம் இடைவெளி. ஆகவே மீன் வாய் திறந்ததுபோல் வளைத்து வெட்ட வேண்டும். காகிதத்தில் அந்த வளைவை வெட்டி, குழாயில் சுற்றி, சாக்பீஸால் கோடு போடுங்கள். வெட்டிய பின் அரம் போட்டு, உள்ளும் புறமும் பிசிறை எடுங்கள்.

2 மி.மீ. கனமுள்ள குழாய் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். போனால் 1 மி.மீ. இடைவெளி பெரிதானால் மெல்லிய விளிம்பு உருகி ஓட்டை விழும். அதில் துண்டுக் கம்பியைச் சொருகி, மேலே பூசி, கிரைண்டரால் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் பார்வைக்கு அழகாக இருக்கும், பாரம் தாங்காது.

இணைப்பின் இருபுறமும் 1 அங்குலத்துக்குத் துரு, எண்ணெய், பெயிண்ட் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் வாயு கிளம்பி, பற்றில் நுண்துளைகள் விழும். ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சையும் தேய்த்து எடுங்கள். அந்தப் புகை குளிர்காய்ச்சல் தரும். பால் குடித்தால் போதும் என்பார்கள், அது பாதுகாப்பல்ல. காற்றோட்டமான இடமும் முகக்கவசமும் வேண்டும்.

பிறகு எதிரெதிராக நான்கு புள்ளி வைத்து, மூலைமட்டம் பிடித்துப் பாருங்கள். ஒரே பக்கமாக ஓட்டினால், ஆறும்போது உலோகம் சுருங்கிக் குழாயை இழுத்துவிடும். இரு முனையும் அடைபடும் குழாயில் கண்ணுக்குத் தெரியாத பக்கம் சிறு துளை இடுங்கள். இல்லையேல் உள்ளே சூடாகும் காற்று கடைசிப் பற்றைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுக்குக் கைப்பிடியோ கிரில்லோ செய்யக் கொடுத்தால், பெயிண்ட் அடிக்கும் முன் ஒருமுறை பட்டறைக்குப் போய்ப் பாருங்கள்.

மாணவர்களே, நீங்கள் செய்த கைப்பிடியை நம்பி வயதான ஒரு தாய் படியேறுவார். பெயிண்டுக்கு அடியில் இருப்பதை அவர் பார்க்கப் போவதில்லை. அது உங்களிடம் உள்ள அமானிதம். அதைப் பேணி உழைத்தால் வேலை உங்களைத் தேடி வரும், இன்ஷா அல்லாஹ்.