எரிந்த வீட்டின் கணக்கு

(சங்கரன்கோவில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடியிருக்கும் வீட்டின்மீது குண்டு வீசுகிறவன் எதிர்த்து நிற்கும் படையைத் தேடுவதில்லை. அடுப்படியையும் தொட்டிலையுமே தேடுகிறான். 1956 ஜனவரி 30 அன்று, அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங் கூட்டத்திலே பேசிக்கொண்டிருந்த வேளையில் அவரது வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே அவருடைய துணைவியாரும் பத்து வாரக் கைக்குழந்தையும் இருந்தனர்!

அமெரிக்கா தொலைவு என்பீர்கள். தருமபுரி தொலைவன்று. 2012 நவம்பர் 7 அன்று, சாதி கடந்த திருமணம் ஒன்றைக் காரணம் காட்டி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் ஆதிதிராவிட மக்களின் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. பெட்ரோல் குண்டுகள் வீசப்பட்டன. இதற்குக் 'கலவரம்' என்று பெயர் சூட்டினர் சிலர். கலவரத்திற்கு இரு தரப்பு வேண்டாமா? அங்கே எரிந்தவை ஒரு தரப்பின் வீடுகள் அல்லவா? உயிர்ச்சேதம் இல்லை என்றதும் ஆறுதல் அடைந்தோர் நம்மிலும் உண்டு. ஆனால் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் சாம்பலாயின. இழந்ததை மெய்ப்பிக்கும் சான்றையும் சேர்த்தே இழந்தனர் அம்மக்கள்.

இங்கேதான் எழுத்தின் வேலை தொடங்குகிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் சொத்துக்குத் தீயாலோ வெடிபொருளாலோ சேதம் விளைவித்தால், ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை சிறை. அதே தீயை மனிதர் குடியிருக்கும் கட்டடத்தை அழிக்கும் எண்ணத்துடன் ஏவினால், ஆயுள் சிறை. 'பொருட்சேதம்' என்று எழுதி முடித்துவிட்டால் யாருக்கு இலாபம்? 1995-ஆம் ஆண்டின் விதிகள், அதிகாரிகள் உடனே நேரில் வந்து பாதிக்கப்பட்டோர் பட்டியலும் இழப்பின் விவரமும் ஆயத்தம் செய்யவேண்டும் என்கின்றன. அந்தப் பட்டியலைச் சரிபார்க்க நம்மிடம் ஒரு பட்டியல் வேண்டும்.

நெசவாளர் நிறைந்த இவ்வூருக்கு நான் விளக்கவேண்டுவதில்லை. நெசவாளியின் வீடு எரிந்தால் கூரை மட்டுமா எரியும்? தறியில் ஏற்றிய பாவு எரியும். கூலிக்கு வாங்கிவந்த நூல் எரியும். கணக்கு நோட்டும் எரியும். கூரைக்கு உதவித்தொகை வரக்கூடும். நூலை முதலாளி கடனில் எழுதிக்கொள்வார்!

ஆகவே கிளைச் செயலாளர்களை வேண்டிக்கொள்கிறேன்: கண்டனத் தீர்மானத்தை மறுநாள் நிறைவேற்றலாம், முதல் நாளே வீடு வீடாகச் செல்லுங்கள். உடைந்த புட்டியையும் கருகிய திரியையும் காவல்துறை வரும்வரை எவரும் தொடாமல் காத்திடுங்கள். நாளும் நேரமும் குறித்துப் படம் எடுங்கள். பெண்களிடம் பெண் தோழர்களே கேட்கட்டும்; எத்தனை மூட்டை நெல், எத்தனை குன்றிமணி தங்கம் என்பது வீட்டுப் பெண்களுக்கே தெரியும். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். ஒன்றை இரண்டாக்கினால், குறுக்கு விசாரணையில் அந்த ஒன்றும் போய்விடும். சொன்னவருக்குப் படித்துக்காட்டிக் கையொப்பம் பெறுங்கள். ஒரு படியை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு அவர் கையில் வேறு காகிதம் எதுவும் இருக்காது.