பிறவி யாருடையது?



நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்தும் என் பழைய மாணவர் மாற்று இதயம் பெற்றவர். சென்ற ஆண்டு ஆஞ்சியோகிராம் அறிக்கையுடன் என் இல்லம் வந்தார். கரோனரி தமனி ஒன்று பிறவியிலேயே இடம் மாறித் தோன்றியுள்ளது என்று அதில் எழுதியிருந்தது.

"ஐயா, நாற்பது வயதுவரை இல்லாத பிறவிக் குறை எனக்கு இப்போது எப்படி வந்தது?" என்றார்.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க வினாவே. 'பிறவி' என்னும் சொல் அங்கே அவரைக் குறிக்கவில்லை. இதயத்தை ஈந்தவரைக் குறித்தது.

கரோனரி தமனிகள் பெருந்தமனியின் அடியில் தோன்றி, இதயத் தசைக்கே குருதி ஊட்டுவன. இதயத்தை எடுக்கும் மருத்துவர் அவற்றின் வாய்க்கு மேலே பெருந்தமனியை வெட்டுகிறார். ஆகவே அவை கிளைகளோடு உடன் வந்துவிடுகின்றன. நூற்றுவருள் ஏறத்தாழ ஒருவர்க்கு அவற்றின் தோற்றமோ போக்கோ மாறியிருக்கும். பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் இடையே நுழைந்து செல்லும் வகையே அஞ்சத்தக்கது. ஈவோர் இளைஞராயின் முன்னரே ஆஞ்சியோகிராம் எடுப்பது எப்போதும் நிகழ்வதன்று. எடுத்த இதயத்தையோ நான்கு மணி நேர அளவில் பொருத்தியாக வேண்டும். எனவே கொடுத்தவர் அறியாத மாறுபாடு பெற்றவரிடம் வெளிப்படுகிறது.

2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்தனர். அவ்விதயம் சென்னையில் ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் தமிழகத்தில் இவ்வீகை பெருகியது. நம் நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தின் பக்கத்தில் இதனை வைக்கலாம் என்பது என் கருத்து; அறிஞர் மறுப்பின் கேட்டுக்கொள்வேன்.

மாணவரின் தமனி மாறுபாடு தீங்கற்றது என்று மருத்துவர் கூறிவிட்டார். என் கவலை வேறு. மாற்று இதயத்தில் நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால், தமனி அடைபடினும் பலர்க்கு நெஞ்சுவலி தோன்றாது. உடலின் எதிர்ப்பினால் அத்தமனிகள் நாளடைவில் தடித்துக் குறுகுதலும் உண்டு. அதனை அறியவே காலந்தோறும் சோதனை செய்கின்றனர். இவரோ வலியில்லை என்று இரண்டாண்டு செல்லாதிருந்தவர்.

தை பிறந்ததும் அடுத்த சோதனை. நானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.