கயிறு மாற்றும் முன்



நான் கால்நடை மருத்துவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் நீலகிரியிலிருந்து ஒரு குதிரைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். “டாக்டரய்யா, சிட்டுவை என்ன செய்யறதுன்னே தெரியல. ஒருதடவை வந்து பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். சிட்டு என்பது அவருடைய மட்டக்குதிரை. வயது 26. சுற்றுலா வரும் குழந்தைகளை 20 ஆண்டுகளாக முதுகில் சுமந்து, அந்தக் குடும்பத்துக்கே சோறு போட்ட பெண் குதிரை. அவருடைய மகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அப்பாவையும் அம்மாவையும் தன்னோடு வரச் சொல்கிறான். வாடகை வீட்டின் மாடியில் குதிரையை எங்கே கட்டுவது?

தரகர் ஒருவர் 8,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். “கண்ணுக்கு மறைவா எங்கயாச்சும் நல்லா இருந்துட்டுப் போகட்டுமே” என்பது அவர் மனைவியின் எண்ணம். பக்கத்து வீட்டுக்காரர் ஊசி போட்டு முடித்துவிடச் சொல்கிறார். “விக்கவும் மனசு வரலீங்க, கொல்லவும் மனசு வரலீங்க” என்று சொல்லும்போது அந்தப் பெரியவரின் குரல் உடைந்துவிட்டது.

லாயத்துக்குப் போனதும் நான் குதிரையைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். அங்கே எலுமிச்சம்பழ அளவில் பச்சை உருண்டைகள் கிடந்தன. கையில் எடுத்தால் ஈரம். பாதி மென்று, விழுங்க முடியாமல் துப்பிய புல். குதிரையின் கடைவாய்ப் பல் மனிதப் பல்லைப் போன்றதில்லை. தேயத் தேய ஈறுக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். இருபது, இருபத்தைந்து வயதில் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்புறம் வயிறு நிறையப் புல் இருந்தும் பட்டினிதான். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிச் சொல்வோம். சிட்டு கொள்ளுக்கே வாயைத் திறக்கத் தயங்கியது.

வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தேன். ஒரு கடைவாய்ப் பல் விழுந்திருந்தது. எதிரே இருந்த பல் தேய்வதற்கு இணையில்லாமல் நீண்டு, அதன் கூர்முனை கன்னத்தின் உட்சதையைக் கிழித்திருந்தது. முன்கால் முட்டிகளில் வீக்கம். ஆனால் குளம்புகள் நன்றாக இருந்தன, கண் தெளிவாக இருந்தது. நான் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது பெரியவரின் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு வெல்லம் தேடியது.

“அண்ணே, இது சாகிற குதிரை இல்லை, பசியில் இருக்கிற குதிரை” என்றேன். பல்லை அராவிச் சமப்படுத்தினேன். கொள்ளை வேகவைத்து மசித்து, தவிட்டோடு தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு நாளைக்கு நாலு வேளையாகக் கொடுக்கச் சொன்னேன். ஆறு வாரத்தில் விலா எலும்பை மூடிச் சதை வந்துவிட்டது.

வயதைக் கேட்டவுடன் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25 முதல் 30 வயது வரை வாழும். மெலிந்த கிழக் குதிரைகளில் பலவற்றுக்குத் தேவை ஊசியா, ஊறவைத்த தீவனமா என்பது வாயைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரியும்.

சரி, பிழைத்துக்கொண்டது. யாரிடம் கொடுப்பது? அப்போதுதான் நான் அவருக்குக் கெய்ரோவின் கதையைச் சொன்னேன்.

முதல் உலகப் போருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் சுமார் 1,36,000 குதிரைகள் கப்பலேறின. பெரும்பாலானவை, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பெயரையொட்டி அழைக்கப்பட்ட ‘வேலர்’ குதிரைகள். அந்தப் பெயரே இந்தியாவில் வைத்ததுதான். போருக்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அவை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அத்தனை குதிரைகளில் போர் முடிந்து தாய்நாடு திரும்பியது ஒன்றே ஒன்று. போரில் இறந்த ஒரு தளபதியின் குதிரை, சாண்டி. கண் பார்வை மங்கித் தளர்ந்துபோன அதை 1923-இல் வலியில்லாமல் முடித்துவைத்தார்கள்.

மற்றவை? எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படை தன்னிடம் மிஞ்சிய ஆயிரக்கணக்கான குதிரைகளை அங்கேயே விற்றுவிட்டது. 1930-இல் டோரதி புரூக் என்ற பெண்மணி, படை அதிகாரியான கணவரோடு கெய்ரோவுக்கு வந்தார். போர்க் குதிரைகள் எங்கே என்று தேடினார். கல் சுமக்கும் வண்டிகளில், நொண்டிய காலோடு, எலும்பும் தோலுமாக அவை அகப்பட்டன. படையின் சூட்டுக்குறி உடம்பில் அப்படியே இருந்தது. விற்று 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. வண்டிக்காரர்களும் கொடியவர்களில்லை, குதிரை ஒருநாள் நின்றால் அவர்கள் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும், அவ்வளவு வறுமை.

1931-இல் அவர் லண்டனின் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்கள் பணம் அனுப்பினார்கள். மூன்றே ஆண்டுகளில் 5,000 குதிரைகளை விலை கொடுத்து வாங்கினார். இங்கே சற்று கவனித்துக் கேளுங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் வளர்க்கவில்லை. வளர்க்கிற நிலையில் அவை இல்லை. ஓய்வும் தீவனமும் கொடுத்து, வலியில்லாமல் முடித்துவைத்தார். நல்ல சாவைக் கொடுப்பதற்காகவே ஒரு பெண் ஆயிரக்கணக்கான குதிரைகளை விலைக்கு வாங்கினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 1934-இல் கெய்ரோவில் அவர் தொடங்கிய இலவச மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்று இந்தியாவிலும் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் மருத்துவம் பார்க்கிறது.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அந்த எட்டாயிரம் வேண்டாங்க” என்றார்.

நல்ல இடம் தேடினோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கிழக் குதிரையைத் தானமாக வாங்குகிறவர் கட்டாயம் பல்லைப் பார்க்க வேண்டும் என்பேன் நான். எதை ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரிந்து ஏற்பவர்தான் கடைசிவரை வைத்திருப்பார். இன்னொரு குதிரை துணைக்கு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன், தனியாகக் கட்டிவைத்தால் குதிரை ஏங்கிப்போகும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வருமா? சவாரி கூடாது. வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் வேறு கைக்கு மாற்றாமல் எங்களைக் கூப்பிட வேண்டும். இதை மட்டும் எழுத்தில் வாங்கச் சொன்னேன்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்காரர் கிடைத்தார். அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கித் தனியாக வைத்திருந்தார். வந்தவர் முதலில் சிட்டுவின் பல்லைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அங்கே 14 மாதம் இருந்தது. பிறகு ஒருநாள் தோப்புக்காரர் கூப்பிட்டு, “நீங்க பாக்கச் சொன்ன எடத்துல புண்ணு வந்திருக்குங்க” என்றார்.

அவரிடம் நான் பார்க்கச் சொல்லியிருந்தது முன்கால் கணுவின் முன்பக்கத்தை. குதிரை நின்றபடியே கண்ணயரும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். மூட்டு வலி முற்றிய குதிரை, படுத்தால் எழுந்திருக்க முடியாது என்ற அச்சத்தில் படுப்பதையே நிறுத்திவிடும். நாள்கணக்கில் தூக்கமில்லாமல், நின்றபடியே அசந்துபோய் முன்கால் மடங்கி விழப் பார்க்கும். உடனே திடுக்கிட்டு நிமிரும். அப்படி இரவு முழுக்கத் தரையில் இடித்து இடித்து வரும் புண் அது. பகலில் பார்த்தால் தீவனம் தின்னும், வெல்லத்துக்கு வரும். நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். மருந்து கொடுத்துப் பார்த்தோம். இரண்டு வாரத்தில் புண் பெரிதானதே தவிர ஆறவில்லை.

திருப்பூரிலிருந்து பெரியவர் பேருந்தேறி வந்தார். “இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாமாங்க?” என்றார். “வச்சுக்கலாம் அண்ணே. ஆனா ஒவ்வொரு ராத்திரியும் அது பயந்துக்கிட்டே நிக்கும்” என்றேன். பாவமில்லையா என்று கேட்டார். அவரைப் போலவே பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. தீராத வலி என்று தெரிந்த பிறகும், கை கறைபடக் கூடாதென்று நாம் ஒதுங்கி நிற்பதுதான் பாவம் என்பது என் எண்ணம். விலங்கு வதைத் தடுப்புக்கான 1960-ஆம் ஆண்டுச் சட்டமும், பசி தாகத்தில் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையில் வலியில்லாமல் முடித்துவைக்க இடம் தருகிறது.

மறுநாள் காலை பொக்லைன் வந்து ஆறடிக்கும் மேல் ஆழமாகக் குழி எடுத்தது. மருந்து ஏறிய உடலை நாயோ கழுகோ தின்றால் அதுவும் செத்துப்போகும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணியாவது இதில் கவனம் வேண்டும்.

சிட்டு தானாக நடந்து வந்தது. பெரியவர் கையால் வெல்லம் தின்றது. முதல் ஊசியில் தலை தாழ்ந்தது. கழுத்து நரம்பில் இரண்டாவது ஊசி. ஒரு நிமிடத்துக்குள் சாய்ந்துவிட்டது. கடைசியாக ஒரு பெருமூச்சு வரலாம், அது வலியில்லை என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். கண்மணியைத் தொட்டுப் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, “முடிஞ்சதுங்க” என்றேன். தோப்புக்காரர் தன் குதிரையை அவிழ்த்துவிட்டார். அது அருகே வந்து சிட்டுவின் பிடரியை முகர்ந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தானாகவே புல்லுக்குத் திரும்பிப் போனது.

உங்களில் யாராவது வீட்டில் வயதான குதிரையை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருக்கலாம். தரகரைக் கூப்பிடும் முன் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லியனுப்புங்கள். வாயையும் காலையும் பார்த்துவிட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் சொல்வார்கள். அதுவரை கயிறு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.